மூச்சு மிசினுக்கு வழியனுப்பு விழா

தேசிய மின்பொருள் மறுவாழ்வு மையம் பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் பாதையைப் பார்த்தபடி, பதினோரு மாடிக்கு நிமிர்ந்து நிற்கிறது. பழுதாகிப் போன மின்சாமான்களுக்கு மறுவாழ்வு கொடுப்பதற்கென்றே கட்டியது. கட்டி மூன்று வருடமாகிறது. இந்த மூன்று வருடத்தில் அங்கே மறுவாழ்வு கிடைத்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், ஒரு தலைமை இயக்குநர், நான்கு துணை இயக்குநர்கள், ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் தவித்துக்கொண்டிருந்த ஒன்பது ஆலோசகர்கள். மின்சாமான்களின் முறை இன்னும் வரவில்லை.

இதெல்லாம் லோகேஸ்வரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வியாழக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்திருக்க மாட்டாள். பயணப்பெட்டி வைத்து இழுக்கும் சக்கர வண்டியில் ஒரு மிசினைத் துண்டால் போர்த்தி, ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டி, படி வந்தால் தூக்கியும் படி முடிந்தால் இழுத்தும், பத்தரை மணிக்கு மையத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறவள். இருபது கிலோ அவளுக்குப் பெரிய பாரமில்லை. நேரம்தான் பாரமாக இருந்தது.

அது அவள் கணவர் சுகுமாறனின் மூச்சு மிசின். அறையில் இருக்கிற காற்றை உள்ளே இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். சுகுமாறன் இருபத்தாறு வருடம் போர்ட் கிள்ளானில் சிமெண்ட் லோரி ஓட்டியவர். சிமெண்டில் ஒரு பங்கு அவருடைய நுரையீரலிலேயே தங்கிவிட்டது. நான்கு வருடமாக இந்த மிசின்தான் அவரை இழுத்துக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி அது 'ம்ம்ம்' என்று முனகி, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுபோனது. கரண்ட் போனால் ஆகும் என்று வாங்கி வைத்திருந்த இரண்டு சிலிண்டரில் ஒன்று விடிவதற்குள் காலி. இரண்டாவது சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வரும். நிரப்பிய சிலிண்டர் நாளைக்குத்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், போன முறை நடைபாதைக் கட்டிலில் மூன்று நாள் கிடந்தவர், இனிமேல் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு என்கிறார். புது மிசின் வாங்கலாம் என்றால், இதையே கோயில் கமிட்டிதான் ஊர் கூடி வாங்கிக் கொடுத்தது. இன்னொரு தரம் போய் நிற்க லோகேஸ்வரிக்கு முகமில்லை.

கிள்ளானில் பழுது பார்க்கிற கடைக்காரர் மிசினைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ளுக்குள்ள சின்னக் கோளாறாத்தான் இருக்கும் அக்கா. ஆனா இந்த ஸ்குருவைப் பாருங்க, மூணு மூலை. யாரும் தொறந்துறக் கூடாதுன்னே கெம்பனிக்காரன் இப்படிச் செஞ்சிருக்கான். இதத் தொறக்குற சாமான் பிரிக்பீல்ட்ஸ் மையத்துல இருக்காம். இன்னிக்கி அங்க 'சரிசெய்யும் நாள்'னு ரேடியோவுல சொன்னான். ஓடுங்க."

ஓடி வந்துவிட்டாள். வாசலில் "எறியாதீர், சரிசெய்வோம்!" என்று புத்தம் புதிய பதாகை. போன மாதத்துப் பதாகையும் அதே வாசகம்தான். தேதி மாறிவிட்டதால் அதைச் சுருட்டிக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்திருந்தார்கள்.

வரவேற்பு மேசையில் ஷாமினி என்ற இளம்பெண் இருந்தாள். நல்ல பெண், சிரித்த முகம். "வாங்க ஆன்டி, வெல்கம். மிசின அங்க தரையில விரிச்சிருக்கிற பச்சை மேட்டுல வெச்சிட்டு, மொதல்ல இந்தப் பாரத்த ஃபில் பண்ணுங்க. பதினாலு பக்கம்தான்."

"அவசரம்மா. வீட்டுல சிலிண்டர் நாலு மணிக்கு முடிஞ்சிரும்."

"அவசரத்துக்குத் தனிப் பாரம் இருக்கு ஆன்டி. அது இருபத்திரெண்டு பக்கம்."

பதினாலு பக்கமே போதும் என்று, கட்டை அவிழ்த்து மிசினை மேட்டில் வைத்துவிட்டு, லோகேஸ்வரி உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் பெயர், முகவரி. இரண்டாம் பக்கத்தில், பொருளுக்கும் உங்களுக்கும் உள்ள உறவு: நெருக்கம், நட்பு, பழக்கம், இதில் எது? மூன்றாம் பக்கத்தில், பொருள் பழுதடைந்த தருணத்தில் நீங்கள் உணர்ந்தது என்ன? லோகேஸ்வரி யோசிக்கவேயில்லை. 'பயம்' என்று எழுதினாள்.

"ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கீங்க ஆன்டி. முப்பது வார்த்தையாச்சும் வேணும். இல்லன்னா சிஸ்டம் எடுத்துக்காது."

லோகேஸ்வரி 'பயம்' என்று இன்னும் இருபத்தொன்பது தடவை எழுதிக் கொடுத்தாள். சிஸ்டம் எடுத்துக்கொண்டது.

பாரம் முடியும்போது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். போன் அடித்தது. சுகுமாறன்.

"லோகா, சிலிண்டர் முள்ளு இன்னும் பச்சையிலதான் நிக்கிது. ஆனா மஞ்சளப் பாத்து நகருது." நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நீ ஒண்ணும் பதறாத."

"பதறல. பாரம் முடிஞ்சிருச்சி. இப்பப் பாத்துருவாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பச்சை மேட்டைப் பார்த்தாள். மேட்டு இருந்தது. அவள் துண்டு மடித்து வைத்தபடி இருந்தது. மிசினைக் காணோம்.

போன வாரம் ஆயுத பூஜை. லோகேஸ்வரி வீட்டில் ஓடுகிற, சுற்றுகிற, சூடாகிற எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். கேன்டீன் கிரைண்டருக்கு வைத்தாள், ஐஸ்பெட்டிக்கு வைத்தாள், மூச்சு மிசினுக்குப் பெரிதாகவே வைத்தாள். நெற்றி மாதிரி இருந்த இடத்தில் மஞ்சளாகச் சந்தனம், நடுவில் சிவப்பாகக் குங்குமம். இந்த மையத்திலோ மஞ்சள் புள்ளி என்றால் ஆய்வு முடிந்தது என்று அர்த்தம். சிவப்புப் புள்ளி என்றால் அரைவைக்கு அனுப்பு என்று அர்த்தம். இரண்டும் ஒன்றாக, இவ்வளவு நேர்த்தியாக, நட்டநடுவில் வைத்த சாமானை மையத்தின் ஊழியர்கள் அதுவரை பார்த்ததில்லை. யாரோ பெரிய அதிகாரி கைப்பட வைத்தது என்று நினைத்து, நான்கு பேர் சேர்ந்து மரியாதையாகவே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அது குங்குமம்மா!" லோகேஸ்வரிக்குக் குரல் எழும்பிவிட்டது.

"தெரியுது ஆன்டி. எங்க வீட்டுலயும் வாஷிங் மெசினுக்கு வெச்சோம். ஆனா சிஸ்டத்துல சிவப்புன்னா சிவப்புதான்."

"அப்ப அழிச்சிரும்மா."

"அழிக்கிற அதிகாரம் புள்ளி வெச்சவங்களுக்குத்தான் உண்டு."

"வெச்சது நான்தானே!"

ஷாமினி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். உண்மையாகவே உதவ வேண்டும் என்ற எண்ணம் அவள் முகத்தில் தெரிந்தது. "நீங்க ஸ்டாஃப் இல்லையே ஆன்டி," என்றாள் வருத்தமாக. "ஒரு வழி இருக்கு. உயிர்ச்சான்று வாங்கணும். மிசின் நல்லா ஓடுதுன்னு நிரூபிச்சீங்கன்னா சிவப்ப எடுத்திருவாங்க."

"ஓடலைன்னுதானே கொண்டாந்தேன்?"

"அப்பச் சரி பண்ணணும்."

"பண்ணுங்க!"

"சிவப்பு வெச்ச சாமானச் சரி பண்ணக் கூடாது ஆன்டி. ரூல்ஸ்."

லோகேஸ்வரிக்குத் தலை சுற்றியது. இதற்கு மேல் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஷாமினி விரலை மேலே காட்டினாள். தலைமை இயக்குநர், 'டத்தோ' பட்டம் வாங்கிய லட்சுமணன், பதினோராவது மாடி.

டத்தோ அறையில் நாற்காலிகள் எல்லாம் பழைய கீபோர்டுகளை உருக்கிச் செய்தவை. அவற்றை வருடத்துக்கு ஒரு முறை எறிந்துவிட்டு, அதைவிடப் பழைய கீபோர்டுகளில் செய்த புதியவற்றை வாங்குவது வழக்கம். டத்தோ கண்ணாடி முன்னால் நின்று உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். லோகேஸ்வரியைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்தார்.

"நீங்கள்தானா அந்த அம்மா! வாங்க, உட்காருங்க. உங்கள் பாரத்தைப் படித்தேன். முப்பது முறை பயம்! எங்கள் ஆலோசகர்கள் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள்."

"டத்தோ, மிசினத் தப்பா எடுத்துட்டுப் போயிட்டாங்க. திருப்பிக் குடுத்திருங்க. சரி பண்ணாட்டியும் பரவால்ல, எங்கயாச்சும் கொண்டு போயிப் பாத்துக்கறேன்."

"சரிசெய்வது எங்கள் உயிர்மூச்சு அம்மா. அதனால்தான் அதை நாங்கள் அவசரப்பட்டுச் செய்வதில்லை."

"இதுவரைக்கும் எத்தனை சாமான் சரி பண்ணியிருக்கீங்க?"

டத்தோ புன்னகைத்தார். "எண்ணிக்கையைப் பார்த்து ஓடுகிற நிறுவனம் இல்லை இது. முதலில் கொள்கை. பிறகு கொள்கைக்கான வரைவு. பிறகு வரைவைப் பற்றிய மாநாடு. மூன்றும் முடித்துவிட்டோம். ஆனால் மாதம் நாற்பது டன் அரைக்க வேண்டும் என்று இலக்கு இருக்கிறது, அதில் ஒரு கிலோ குறைய விட்டதில்லை. போன மாதம் கழிவு போதவில்லை. ஏழாவது மாடிக் கம்ப்யூட்டர்களைப் போட்டு நிரப்பினோம். ஜனவரியில் வாங்கியவை. அர்ப்பணிப்பு என்றால் அதுதான்."

லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். அவர் விடவில்லை.

"இன்று இரண்டரை மணிக்கு எங்கள் புதிய அரைவை இயந்திரத்தின் திறப்பு விழா. முதல் பொருளாக எதைப் போடுவது என்று மூன்று வாரமாகத் தேடினோம். ஒரு டோஸ்டரைப் போட்டால் யாருடைய மனம் உருகும்? இப்போது பாருங்கள், மனிதனுக்கு மூச்சுக் கொடுத்த இயந்திரம், பூமிக்காகத் தன் கடைசி மூச்சை விடுகிறது!" கண்ணாடியில் தன் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "நீங்கள் மேடையில் வந்து அதற்கு விடை கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும். ஷாமினி எழுதிக் கொடுப்பாள்."

"என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டும் டத்தோ!"

"அருமை. அதையும் சொல்லுங்கள்."

லோகேஸ்வரி லிப்டில் இறங்கினாள். மணி ஒன்று. மறுபடியும் போன். முள் மஞ்சளுக்கு வந்துவிட்டது.

விழா மண்டபம் கீழ்த்தளத்தில் இருந்தது. ஆட்கள் இன்னும் வரவில்லை. மேடையில் அரைவை இயந்திரம் ஒரு சின்ன வீடு அளவுக்கு நின்றது. அதன் வாய்க்குள் போகிற ரப்பர் பெல்ட்டின் மேல், கழுத்தில் ரோஜா மாலையோடு, அவளுடைய மிசின் உட்கார்ந்திருந்தது. சீருடை போட்ட ஒருவன் பெல்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். லோகேஸ்வரி விடுவிடுவென்று ஏறிப்போய் மிசினைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

"அக்கா, வேணாங்க. வாசல்ல அலாரம் அடிக்கும். புடிச்சி உள்ள வெச்சுருவாங்க." அவன் பெயர் முகமது ரஃபீக். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். திருச்சியில் ஆறு வருடம் ஆஸ்பத்திரி சாமான்களைப் பழுது பார்த்தவன் என்பதைக் கேட்டதும் லோகேஸ்வரி அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இதச் சரி பண்ணுவியாப்பா?"

ரஃபீக் மிசினின் பிளக்கை மாட்டி, அதில் காதை வைத்து, பட்டனை அழுத்திப் பார்த்தான். முனகியது. நின்றது. "கம்ப்ரஸர் கெளம்ப மாட்டேங்குது. கெப்பாசிட்டர் போயிருச்சு, அவ்வளவுதான். கட்டவிரல் தண்டி சாமான். பத்து நிமிஷ வேலை." பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா நான் செய்யக் கூடாதுங்க. என் வேலை செயல்விளக்க டெக்னீஷியன். விருந்தாளிங்க வந்தா ஒரு கெட்டிலைத் தொறந்து காட்டி மூடணும். பதினோரு மாசமா அதே கெட்டில்தான். நெஜமா எதையாச்சும் சரி பண்ணிட்டேன்னா அரைவை டன் கொறைஞ்சு போயிரும், பெர்மிட்டைக் கிழிச்சுருவாங்க. ஊர்ல மூணு பேர் என்னை நம்பி இருக்காங்க."

லோகேஸ்வரி அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தக் கெப்பாசிட்டர் இங்க எங்கயாச்சும் கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

ரஃபீக் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். அவன் பார்வை பெல்ட்டுக்கு அடியில் இருந்த மோட்டாரில் போய் நின்றது. வெகுநேரம் நின்றது.

"கழட்டுனா பெல்ட்டு ஓடாது," என்றான் மெல்ல.

"ஓட வேணாம்."

"நான் தொடக் கூடாதுக்கா."

"நான் தொடறேன். கேன்டீன் கிரைண்டர எத்தனை தரம் பிரிச்சிருக்கேன் தெரியுமா? நீ சொல்லு போதும்."

ரஃபீக் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். வாசலை ஒரு முறை பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்று, கெட்டிலைக் காட்டும்போது பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தான். "வணக்கம். இப்போது மோட்டாரின் மூடியை எப்படித் திறப்பது என்று விளக்குகிறேன். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கிறோம். இதோ ஸ்குருடிரைவர். கெப்பாசிட்டரின் இந்த இரண்டு முனைகளையும் இதைக் கொண்டு ஒன்றாகத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும்." அவன் காற்றில் செய்து காட்டினான். அவள் கையால் செய்தாள். 'டப்' என்று ஒரு பொறி பறந்தது. அவள் ஸ்குருடிரைவரை விடவில்லை. ஐந்து நிமிடத்தில் கெப்பாசிட்டர் அவள் கைப்பையில், சீப்புக்கும் ரயில் கார்டுக்கும் நடுவில் இருந்தது. மிசினை அங்கேயே திறந்து மாற்றுவதற்குள் கதவு திறந்துவிட்டது. பூச்சட்டிகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இரண்டரை மணி விழா மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது தொடங்கியது. தலைமை விருந்தினருடைய பட்டங்களைப் படித்து முடிக்கவே நான்கு நிமிடம் பிடித்தது. அப்புறம் டத்தோ பேசினார். நீண்ட நாள் உழைக்கும் பொருட்களை வடிவமைக்க வேண்டும் என்றார். இந்த அரைவை இயந்திரமே அதற்குச் சாட்சி, இதன் உத்தரவாதம் பதினெட்டு மாதம், அதற்குப் பிறகு முழுவதையும் அரைத்துவிடலாம் என்றார். எதில் அரைப்பது என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். லோகேஸ்வரி ஓர் ஓரத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை மேடைக்கு அழைத்தார்கள். ஷாமினி கொடுத்த தாளில் 'சென்று வா நண்பா' என்று தொடங்கியிருந்தது. மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்தாள்.

"லோகா." சுகுமாறனின் குரலும் அதற்கு நடுவில் மூச்சு இழுக்கிற சத்தமும் மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டன. "முள்ளு... செவப்புக்கு... வந்திருச்சி. மிசின்... ஆயிருச்சா?"

அடுத்த வினாடி எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்படித் தத்ரூபமான நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். டத்தோ கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டு, தலைமை விருந்தினரைப் பார்த்துத் தலையசைத்தார். விருந்தினர் பச்சைப் பட்டனை அழுத்தினார்.

லோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. விருந்தினர் மறுபடி அழுத்தினார். விளக்கு எரிந்தது, பெல்ட் அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். மண்டபத்தில் சிலர் இருமினார்கள். டத்தோவின் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு திடீரென்று மலர்ந்தது. முப்பது வருடம் அரசாங்க விழாக்களில் நின்று பழகிய மனிதர். மைக்கைப் பிடித்தார்.

"இதுதான் நாங்கள் வைத்திருந்த ஆச்சரியம்! பட்டனை அழுத்தினோம், ஆனால் அரைக்கவில்லை. ஏன்? எறியாதீர், சரிசெய்வோம்! இதோ, உங்கள் கண்முன்னே, இந்த மேடையிலேயே சரிசெய்யப் போகிறோம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ரஃபீக்கை முன்னால் தள்ளினார்கள். அவன் மூன்று மூலை ஸ்குருடிரைவரை எடுத்து லோகேஸ்வரியின் கையில் கொடுத்தான். "வணக்கம். இப்போது விளக்குகிறேன்," என்றான். அவன் காற்றில் காட்டினான், அவள் மிசினில் செய்தாள். பழைய கெப்பாசிட்டரைக் கழற்றினாள், கைப்பையிலிருந்து புதியதை எடுத்தாள், ஒயரை மாட்டினாள், மூடினாள், பிளக்கைச் சொருகினாள். பட்டனை அழுத்தினாள். மிசின் முனகியது, ஒரு குலுக்கு குலுக்கியது, ஓட ஆரம்பித்தது. குழாயைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது.

அந்தச் சந்தோஷம் அவளுக்கு அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"நமது மையம் சரிசெய்த முதல் பொருள்!" என்று டத்தோ முழங்கினார். "இது இனி சாதாரண மிசின் அல்ல. இது தேசத்தின் சொத்து. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைக்கப்படும்."

"டத்தோ, நான் வீட்டுக்குக் கொண்டு போகணும்!"

"சான்றிதழ் வீட்டுக்கு வரும் அம்மா."

அவள் கத்தினாள், கையைப் பிடித்து இழுத்தாள், கடைசியில் கும்பிட்டாள். முன்பு அரைவைக்குத் தூக்கிப் போன அதே நான்கு பேர், அதே மரியாதையோடு மிசினைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தால்தான் அழகு என்று பிளக்கையும் மாட்டிவிட்டார்கள். நோயாளி தாராளமாக இங்கே வந்து அலுவலக நேரத்தில் மூச்சு விட்டுக்கொள்ளலாம், மையம் மனிதாபிமானம் உள்ளது என்று சொல்லிவிட்டு, டத்தோ விருந்தினரோடு தேநீருக்குப் போனார்.

லோகேஸ்வரி அழவில்லை. அழ நேரமில்லை. பக்கத்து வீட்டுத் தனேஷுக்குப் போன் போட்டாள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், மடித்துச் சுடுகிற அப்பம் பாலேக் விற்கிறவன். சின்ன லோரி, அதன் திறந்த பின்பக்கத்தில் கடை விளக்குகளுக்கான ஜெனரேட்டர். "தம்பி, அவரத் தூக்கிப் போட்டுக்கிட்டு வா. ஜெனரேட்டரோட வா. வழியில மூச்சுத் திணறுச்சின்னா எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்க திருப்பிரு."

ஃபெடரல் ஹைவேயில் அந்த நேரத்துக்கு என்ன நெரிசல் இருக்குமோ அதுதான் இருந்தது. நாலு மணிக்கு வரவில்லை. நாலே காலுக்கு வரவில்லை. அவள் வாசலுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நாலு இருபதுக்குச் சக்கர நாற்காலியில் சுகுமாறனைத் தள்ளிக்கொண்டு தனேஷ் ஓடி வந்தான். மடியில் சிலிண்டர், முள் அடியில் தொட்டுக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. லோகேஸ்வரி கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக வெளியே வந்திருந்த குழாயை அவர் மூக்கில் மாட்டினாள். பத்து நிமிடம் அவர் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். பிறகு உதட்டில் நிறம் திரும்பியது.

"நல்லா இருக்கே லா எடம்," என்றார் சுகுமாறன். "ஏர்கோன் எல்லாம் போட்டிருக்காங்க."

வருகையாளர்கள் இரண்டு பேர் அவரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஷாமினி வந்தாள். முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை. "ஆன்டி, அஞ்சு மணிக்கு மெயின் சுவிட்ச் ஆஃப் ஆயிரும். மின்சாரச் சிக்கனம். காலையில ஒம்போதுக்கு வரலாம். சனி, ஞாயிறு லீவு."

"சனி ஞாயிறு இவரு மூச்சு விட வேணாமாம்மா?"

ஷாமினி சுகுமாறனைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். கையில் இருந்த சின்னச் சாவியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். "நான் கை கழுவிட்டு வரேன் ஆன்டி. பதினஞ்சு நிமிசம் ஆகும்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பெட்டியைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கி, மிசினைத் தூக்கிச் சுகுமாறன் மடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். குழாய் மூக்கிலேயே இருந்தது, காற்று மட்டும் இல்லை. வாசலில் பாதுகாவலர் சின்னையா கையை நீட்டி மறித்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பதிவுப் புத்தகம்.

"காட்சிப்பொருள் வெளிய போகக் கூடாது."

"அண்ணே, ஒரு நிமிசங்கூட நிறுத்தாதீங்க. அவருக்கு முடியாது," என்றாள் லோகேஸ்வரி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சின்னையா சுகுமாறனை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் குழாய் எங்க முடியுது?"

"மூக்குல."

"எங்க ஆரம்பிக்குது?"

"மிசின்ல."

"போன வருசம் ஒரு தாத்தாவோட காதுமிசினக் கழட்டச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கிட்டது எனக்குத்தான் தெரியும். அப்பப் போட்டாங்க ரூல்ஸு. ஒடம்போட ஒட்டுன சாமான் எதையும் பாதுகாவலர் தொடக் கூடாது." அவர் நிதானமாகப் பேனாவை எடுத்து, புத்தகத்தில் எழுதினார். 'ஆண் ஒருவர், உறுப்புகளுடன், வெளியேறினார்.' பிறகு அலாரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, "போங்க அக்கா, சீக்கிரம்," என்றார்.

தனேஷ் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் பிடிக்கவில்லை. சுகுமாறனின் விரல்கள் லோகேஸ்வரியின் மணிக்கட்டை இறுக்கின. மூன்றாவது இழுப்பில் படபடவென்று பிடித்தது. லோரியின் பின்பக்கத்தில், அப்பம் பாலேக் சட்டிகளுக்கு நடுவில், மிசின் ஓடியது. ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, லோகேஸ்வரி வாய்விட்டு அழுதாள்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அரசாங்க முத்திரை, கெட்டித் தாள். மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மையத்தின் நிரந்தரக் காட்சிப்பொருள் ஒன்று தங்களிடம் இருப்பதாக அறிகிறோம். பதினான்கு நாட்களுக்குள் அதை ஒப்படைக்கவும். பொருளைப் பிரித்தெடுப்பது இயலாது எனில், அதனுடன் இணைந்துள்ள நோயாளியை ஒப்படைக்கலாம். நோயாளி நல்ல நிலையில், தூசு துடைக்கப்பட்டு இருக்க வேண்டும்.

லோகேஸ்வரி கடிதத்தைச் சுகுமாறனிடம் நீட்டினாள். சுகுமாறன் அதை வாங்கி ஒரு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். 'தூசு துடைக்கப்பட்டு' என்ற இடத்துக்கு வந்ததும் ஆரம்பித்த சிரிப்பு நிற்கவேயில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, கட்டில் ஆடியது, என்னவோ ஏதோ என்று தனேஷ் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தான். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவ்வளவு நேரம் சிரிப்பதற்கு மூச்சு வேண்டும். இருந்தது.